குச்சி பொறுக்கும் கண்கள்

எங்கள் சின்னம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேநீரைக் குடித்து முடித்ததும் கோப்பையைச் சற்றே சாய்த்து, அடியில் எஞ்சியிருக்கும் மண்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒரு சிறு நாரோ காம்புத் துணுக்கோ அதில் தென்பட்டுவிட்டால், "இதப் பாத்தவ யாரு?" என்று கேட்பார். அக்கேள்வி வீட்டில் இருக்கும் எங்களை நோக்கியதன்று. எங்கோ ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அந்தத் தூளைப் பொறுக்கித் துப்புரவாக்கியிருக்க வேண்டிய, முகமறியாத ஒரு பெண்ணை நோக்கியது.

அப்படிப்பட்ட பெண்கள் இப்போது பல தொழிற்சாலைகளில் இல்லை, அந்த வேலையைக் கமரா பூட்டிய யந்திரம் ஒன்று செய்கிறது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சின்னம்மா நம்புவதில்லை. "மிசினுக்குக் கண்ணு ஏது தம்பி?" என்பார். நியாயமான கேள்வி. விடையை அவரே நேரில் கண்டுகொள்ளட்டும் என்று, சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் அவரை அழைத்துக்கொண்டு கண்டியிலிருந்து பஸ் ஏறினேன்.

பயணத்தைச் சொல்வதற்கு முன்னர் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் 1968இல் கலஹாப் பகுதித் தோட்டமொன்றின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். மலைநாட்டுத் தமிழர் வாயில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்பதே பெயர். 1999இல் வேலையை விட்டு நின்றார். இந்த முப்பத்தொரு ஆண்டுகளில் தோட்டத்துக்கு எசமானர்கள் மாறினார்கள். 1975இல் கம்பனி போய் அரசாங்கம் வந்தது. 1992இல் முகாமை மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. சின்னம்மாவின் சுளகும் அவர் உட்காரும் சாக்கும் மட்டும் மாறவில்லை. அவருடைய வேலை, உலர்ந்த தேயிலைத் தூளிலிருந்து காம்பையும் நாரையும் விரலால் பொறுக்கி எடுப்பது. குச்சி பொறுக்குதல் என்று அதற்குப் பெயர்.

சிறுவனாக இருந்தபோது சோற்றுப் பாத்திரம் கொண்டுபோகும் சாக்கில் அந்தக் கூடத்துக்குள் நான் நுழைந்திருக்கிறேன். நிலத்தில் விரித்த துணியின்மேல் கரிய மணல்மேடுபோலத் தேயிலை குவிந்திருக்கும். அதன் இருமருங்கிலும் பெண்கள் தலையிலே துணி கட்டிக்கொண்டு வரிசையாகக் குந்தியிருப்பார்கள். இடக்கை ஒரு பிடி தூளை மெல்லப் பரப்பும். வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கோழி கொத்துவதுபோல் இறங்கி எழும்பும். செந்நிறக் குச்சி, வைக்கோல் நிற நார், சில சமயம் சாக்கு நூல், இன்னொரு சமயம் ஒரு தலைமயிர். யன்னலோர இடத்துக்குக் காலையிலே போட்டி நடக்கும். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். மழைக்காலத்தில் மலையில் மூட்டம் இறங்கிவிட்டால் எல்லாரும் முகத்தைத் தூளுக்கு மிக அருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு பொறுக்குவார்கள். மாலையில் பொறுக்கிய குச்சியை நிறுத்துப் பார்ப்பார்கள். குறைந்தால் பேச்சு விழும்.

மலைநாட்டைப் பாடிய கவிஞர்களும் எழுதிய கதாசிரியர்களும் பெரும்பாலும் மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்கும் கொழுந்துக்காரியையே கண்டார்கள். அதில் குற்றமில்லை, அவள் வெயிலிலும் மழையிலும் நிற்கிறாள், எல்லார் கண்ணிலும் படுகிறாள். ஸ்டோருக்குள் குந்தியிருந்தவள் யார் கண்ணிலும் படாமலே தன் கண்ணைச் செலவழித்தாள்.

சின்னம்மாவுக்கு இரண்டு கண்களிலும் வெண்புரை படர்ந்து, சத்திரசிகிச்சை செய்தாயிற்று. வயதினால் வருவது என்றார் வைத்தியர். அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆயினும் முப்பத்தொரு ஆண்டுகள் கரிய தூளில் செந்நிறக் குச்சியைத் தேடிய கண்களுக்கு அந்தத் தேடலினால் ஒன்றுமே நேரவில்லை என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை.

குச்சியை ஏன் இத்தனை பாடுபட்டு நீக்கவேண்டும்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினாலும் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் காம்பு கூடவே வரும். வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தும்போது இலை கறுத்துச் சுருள்கிறது. காம்போ அவ்வளவு கறுப்பதில்லை. தேநீருக்குச் சாரமும் தருவதில்லை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் வாங்குவோர் சுவைத்துப் பார்க்குமுன் கண்ணால் பார்க்கிறார்கள். தட்டிலே குச்சி தெரிந்தால் விலை இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் இந்நாளில் சேர்ந்திருக்கிறது. தோட்டங்களில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். கொழுந்து முற்றும்வரை மலை எடுபடாமல் கிடக்கிறது. சில இடங்களில் கத்தரியால் வெட்டி எடுக்கிறார்கள். முற்றிய கொழுந்தில் காம்பு மிகுதி. ஆக, குச்சி கூடிக்கொண்டு போகிறது, பொறுக்கும் கை குறைந்துகொண்டு வருகிறது. யந்திரம் வந்த கதையில் இதைச் சொல்லாமல் விட்டால், ஆலைக்காரர்மேல் மட்டும் பழி போட்டதாகும்.

எங்கள் பஸ் பேராதனையைக் கடந்து கலஹாப் பாதையில் ஏறியது. இதே பாதை மேலே தெல்தோட்டைக்குச் செல்கிறது. அங்கிருந்து போனால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட இடம். இரண்டு ஆண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றியது. கோப்பி அழிய, தேயிலை எழுந்தது. இதெல்லாம் மாணவர்கள் அறிந்த வரலாறு. எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. டெயிலரின் முதல் தொழிற்சாலை அவருடைய பங்களா விறாந்தைதான். மேசைமேல் இலையைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுத்தி ஆட்கள் கையாலேயே உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் இட்டு உலர்த்தினார்கள். 1872இல் டெயிலர் உருட்டும் யந்திரம் ஒன்றை அமைத்துக்கொண்டார். அன்று தொடங்கிய மாற்றத்தை ஹந்தானையில் இன்றும் பார்க்கலாம். 1925இல் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலை ஒன்று பாழாய்க் கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. பழைய யந்திரங்கள் எண்ணெய் மினுக்கத்தோடு அங்கே நிற்கின்றன.

அவற்றைப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்கும். மனித உடம்பின் ஒவ்வோர் உறுப்பு செய்த வேலையையும் ஒவ்வொரு யந்திரம் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முழங்கையின் வேலையை உருளை எடுத்தது. அடுப்பருகே வெந்த முகத்தின் வேலையை உலர்த்தி எடுத்தது. அரிதட்டை அசைத்த தோளின் வேலையை ஆட்டும் சல்லடை எடுத்தது. குச்சியைப் பிரிக்கவும் முயன்றார்கள். ஆனால் சல்லடைக்குத் தெரிவது பருமன் மட்டுமே. இலையின் பருமனிலேயே குச்சி இருந்தால் அது ஏமாந்துபோகும். காற்றாடிக்குத் தெரிவது பாரம். பின்னர் பிளாஸ்டிக் உருளைகள் வந்தன. கம்பளித் துணியில் உரசிய அவ்வுருளைகளில் நிலைமின்னேற்றம் உண்டாகும். இலையைவிடச் சற்றே கூடுதலான ஈரம் தங்கிய நாரும் குச்சியும் அதில் ஒட்டிக்கொண்டு பிரியும். சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டை இழுத்துக் காட்டுவோமே, அதே தத்துவந்தான். இது நல்ல உபாயம். பல ஸ்டோர்களில் இன்றும் சுழல்கிறது. எனினும் இவற்றில் எதற்கும் நிறம் தெரியாது. நிறம் தெரிந்தது கண்ணுக்கு மட்டுமே. ஆகவே எல்லா உறுப்புகளுக்கும் கடைசியாகக் கண் அந்தச் சாக்கின்மேல் குந்தியிருந்தது.

நாங்கள் போன ஸ்டோர் சின்னம்மா வேலை செய்த இடமன்று. அதன் பெயரை எழுதவேண்டிய தேவையும் இல்லை. என்னிடம் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்த பையன் ஒருவன் அங்கே யந்திரம் நடத்துகிறான். வாசலிலேயே நின்று, "வாங்க சேர், வாங்க பாட்டி" என்று அழைத்துப் போனான். உள்ளே, சுவரோரமாக ரோதமுனி. ஸ்டோர் யந்திரங்களுக்குக் காவல் தெய்வம். ரோதை என்பது சக்கரம், சிங்களத்தில் ரோதய. இரு மொழிக்காரரும் கைவைத்துச் சுழற்றிய சக்கரத்துக்கு ஒரு முனியை அமர்த்திக் கும்பிட்ட எங்கள் முன்னோரை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு பெருமிதம். சின்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

தேயிலை அரிக்கும் கூடத்தின் மூலையில், கண்ணாடிக் கதவுகள் பூட்டி அடைத்த தனியறையில் அந்த யந்திரம் நின்றது. ஆளுயரத்தினும் பெரிய இரும்பு அலுமாரி போன்ற உருவம். கலர் சோர்ட்டர் என்கிறார்கள். நிறம் பார்த்துப் பிரிப்பது என்று பொருள்.

அது செய்யும் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். உச்சியிலுள்ள பெட்டியிலிருந்து தூள் அதிரும் தட்டில் விழுந்து, ஒன்றின்மேலொன்று ஏறாத மெல்லிய படலமாகப் பரவுகிறது. அங்கிருந்து செங்குத்தான சரிவுகளில் வழுக்கி வந்து அருவிபோல் விழுகிறது. விழும் இடத்தில் முன்னும் பின்னும் பிரகாசமான விளக்குகள், விளக்குகளோடு கமராக்கள். ஒவ்வொரு துணுக்கும் கடக்கும் கணத்தில் அதிலிருந்து மீளும் ஒளியைக் கமரா அளந்து கணினிக்குச் சொல்கிறது. கறுப்பென்றால் சும்மா விட்டுவிடும். குறித்த அளவினும் வெளிறியதென்றால் கீழேயுள்ள நுண்ணிய குழாய் வாய்களில் ஒன்று திறந்து, அழுத்திய காற்றை 'சட்'டென்று ஊதும். குச்சி பாதையிலிருந்து விலகி வேறு தொட்டியில் விழும். நல்ல தேயிலை நேரே இறங்கும். அப்படி ஊதும்போது பக்கத்திலிருந்த நல்ல துணுக்குகளும் சில கூடவே போய்விடும். ஆகவே ஒதுக்கியதை இன்னொரு தடவை ஓட்டுகிறார்கள்.

கணக்கில் ஆசையுள்ள மாணவருக்கு ஒன்று. விழும் துணுக்கு வினாடிக்கு இரண்டரை மீற்றர் வேகத்தில் செல்வதாகவும், கமரா பார்க்கும் இடத்துக்கும் காற்று ஊதும் இடத்துக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றர் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பார்க்கவும், தீர்மானிக்கவும், ஊதவும் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. மாத்திரை என்னும் ஒலியளவைக் கண் இமைக்கும் பொழுதாகவும் கை நொடிக்கும் பொழுதாகவும் தொல்காப்பியர் வகுத்தார். ஓர் இமைப்புக்குள் இந்த யந்திரம் பல தடவை நியாயத்தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

இக்கருவி தேயிலைக்காகப் பிறந்ததன்று. 1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அவரை விதைகளைத் தரம் பிரிக்க ஒளிமின்கலத்தைப் பயன்படுத்தினார்கள். ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் அந்த விந்தையை விளக்கியதற்காகவே ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. சார்புக் கொள்கைக்காக என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜோர்ஜ் சிமித்தும் ஒளியை மின் கட்டங்களாகச் சேகரிக்கும் சிறு தகடொன்றைக் கண்டார்கள். 2009இல் அவர்களுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. யந்திரத்துக்குக் கண் வந்தது அந்தத் தகட்டினால். இன்று நம் நாட்டு அரிசி ஆலைகளிலும் இதே வகை யந்திரங்கள் கறுத்த மணியைத் தள்ளுகின்றன. சுளகில் அரிசியைப் பரப்பிக் கல்லும் கறுப்பும் பொறுக்கிய நம் தாய்மாரின் வேலை பாதியாகக் குறைந்தது இப்படித்தான்.

ஆனால் இந்தக் கண்ணும் மாசுபடும் கண்தான். சென்ற ஆயுத பூசையன்று யாரோ ஒரு பக்தர் கமராவின் முன்னுள்ள கண்ணாடியிலும் சந்தனம் தீற்றிவிட்டாராம். மறுநாள் அந்த வரிசையில் விழுந்த தேயிலை முழுவதையும் குச்சி குச்சியென்று யந்திரம் ஊதித் தள்ளிக்கொண்டே இருந்ததாம். பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் முக்கிய வேலைகளில் ஒன்று அந்தக் கண்ணாடியில் படியும் தேயிலைப் பஞ்சைத் துடைப்பது. யந்திரத்தோடு வந்த கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் சாரத்தை ஒரு மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தாமல் வர என்னால் முடியவில்லை.

சின்னம்மா கண்ணாடிக்கு வெளியே நெடுநேரம் நின்றார். காற்று ஊதும் ஓசை ஆலங்கட்டி மழைபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, ஒதுக்கிய குச்சி விழும் தொட்டியருகே போய், யாரையும் கேளாமல் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். நான் தடுக்கப் போனேன். அதற்குள் பெருவிரலும் சுட்டுவிரலும் வேலையைத் தொடங்கிவிட்டன.

"இது குச்சியில்ல தம்பி."

அவர் காட்டியது பொன்னிறமான, ஊசிபோன்ற ஒரு சிறு துணுக்கு. அது மொட்டு. இலை விரியுமுன் கொழுந்தின் நுனியில் இருப்பது. அதன்மேல் மெல்லிய மயிர்கள் உண்டு. உருட்டும்போது இலைச்சாறு அவற்றில் படிந்து, உலர்ந்ததும் பொன்போல் மின்னும். டிப் என்பார்கள். தேயிலையில் அதற்கே மதிப்பு. கண்டிப் பகுதியில் தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட குளிர்ந்த வறண்ட நாட்களில்தான் நல்ல கொழுந்து வருகிறது. அப்போது மொட்டும் வரும். யந்திரம் என்ன கண்டது? கறுப்புக்கு நடுவில் ஒரு வெளிறல். தள்ளிவிட்டது. அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

பையன் முகம் மாறிவிட்டது. பத்து நாட்களாக நல்ல கொழுந்து வருகிறதென்று மகிழ்ந்திருந்தவர்கள், அதன் பொன்னை எல்லாம் குச்சியோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறார்கள். உணர்திறனைக் குறைத்தால் மொட்டு தப்பும். கூடவே குச்சியும் தப்பும். என்ன செய்வது என்று கேட்டேன். நிறத்தை மட்டுமன்றி வடிவத்தையும் பார்க்கும் ஏற்பாடு இந்த யந்திரத்தில் உண்டென்றும், மாதிரிகளைக் காட்டி அதைப் பழக்கலாமென்றும், ஆனால் மாதிரியைச் சுத்தமாகப் பிரித்துத் தரவேண்டுமென்றும் சொன்னான். நல்ல இலை ஒரு குவியல், குச்சி ஒரு குவியல், மொட்டு ஒரு குவியல். ஒன்றில் மற்றொன்று கலந்தால் யந்திரம் தவறாகவே படித்துக்கொள்ளும். "வாத்தியார் பிழை விட்டா பிள்ளைக்கும் பிழைதானே சேர்" என்றான். மட்டையிலிருந்த எழுத்துப் பிழைகளுக்கு அவன் தந்த பதில் இதுவாகவும் இருக்கலாம்.

வெள்ளைக் கடதாசி விரித்தார்கள். நாற்காலி கொண்டுவந்தார்கள்; சின்னம்மா அதில் உட்காராமல் நிலத்திலேயே குந்தினார். ஒன்றரை மணி நேரம் பொறுக்கினார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வண்ணமெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம்; "அன்னைக்கு இந்தக் கண்ணு இருந்திருந்தா!" என்று இடையில் ஒருமுறை சொன்னார். வேறொன்றும் பேசவில்லை. குச்சிக்கும் மொட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டதற்கு, குச்சிக்கு இரண்டு முனையும் வெட்டியதுபோல் இருக்கும், மொட்டு ஒரு முனையில் கூம்பும், நடுவில் ஒரு வளைவு இருக்கும் என்றார். பையன் அதை அந்த மட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டான். மாதிரிகளை யந்திரத்துக்குக் காட்டி, அளவுகளை மாற்றி, மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். மொட்டு முழுவதும் தப்பியது என்று சொல்லமாட்டேன். ஒதுக்கிய தொட்டியில் பொன் கண்கூடாகக் குறைந்தது.

யந்திரம் தொழிலாளிக்கு உதவுகிறதா என்று எழுத உட்கார்ந்தால் ஒரே சொல்லில் விடை வரவில்லை. அந்தக் கூடத்தில் முன்பு பதினாறு பெண்கள் குந்தியிருந்தார்களாம். இப்போது நால்வர். அந்த நால்வரும் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வேலை செய்கிறார்கள். தூசு உறிஞ்சும் குழாய் இருக்கிறது. வாய்க்கும் மூக்குக்கும் மூடி இருக்கிறது. இது சிறிய நன்மையன்று. தேயிலைப் பஞ்சு சுவாசத்துக்குள் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பதை டாக்டர் சி. ஜி. ஊரகொட 1970இலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார். 1980இல் இந்நாட்டுத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றியும் எழுதினார். சின்னம்மாவோடு வரிசையில் இருந்தவர்களில் இரவெல்லாம் இருமியவர்களை நான் அறிவேன். குனிந்த முதுகையும் தூசு நிறைந்த மூச்சையும் நினைத்து ஏங்கி, அந்தப் பழைய கூடமே மேல் என்று சொல்பவர்கள் அதில் ஒருநாளும் குந்தியிராதவர்கள்.

மற்றப் பன்னிருவர்? சிலர் வயதாகி நின்றுவிட்டார்கள். சிலரை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். ஐம்பது வயதில், ஸ்டோர் நிழலில் பழகிய காலோடு, அட்டைக்கடிக்கும் சரிவுக்கும் போவதென்பது எளிதன்று. மலையில் கூலி பறித்த நிறையைப் பொறுத்தது. ஒருத்தி மறுத்துவிட்டு, கண்டிப் பட்டணத்தில் வீட்டு வேலைக்குப் போனாள் என்று கேள்வி. யந்திரத்தை நடத்தப் பழக்கியது இரண்டு இளைஞர்களை. அவர்களில் ஒருவன் என் மாணவன், அவனைக் குறித்து எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இலை இன்னது, குச்சி இன்னது, மொட்டு இன்னது என்று இருபது முப்பது ஆண்டுகள் பார்த்துத் தேறிய பெண்களில் ஒருத்தியையேனும் அந்தக் கண்ணாடி அறைக்குள் அழைத்து, இந்தத் திரையைப் பார், தவறு எங்கே என்று சொல் எனக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து நாள் மொட்டு குச்சித் தொட்டியில் விழுந்ததற்குக் காரணம் யந்திரத்தின் குறையன்று.

இத்தகைய யந்திரத்தை வாங்க ஸ்டோர்க்காரர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். பூட்டித் தர வரும் பொறியியலாளருக்கும் கொடுக்கிறார்கள். அழுத்திய காற்றைத் தரும் எந்திரத்துக்கும், அந்தக் காற்றின் ஈரத்தை நீக்கும் சாதனத்துக்கும், கெட்டுப்போகும் ஊதுவாய்களுக்கும் கணக்குப் புத்தகத்தில் தனித்தனிப் பத்தி இருக்கிறது. மாதிரி பிரித்துத் தருபவளுக்குப் பத்தி இல்லை.

புறப்படும்போது நால்வரில் மூத்த பெண் ஒருத்தி சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ பேசினாள். பஸ்ஸில் கேட்டேன். "அவளுக்கும் தெரியுமாம், பொன்னு வீணாப் போறது. யாரும் கேக்கல, அவளும் சொல்லல" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கலஹாவில் இறங்கித் தேநீர் குடித்தோம். கடைத் தேநீர், வடிகட்டியது, மண்டி இல்லை. இருந்தும் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு பையன் தொலைபேசியில் பேசினான். அந்தத் தூள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போனதாம். மழை தொடங்கியதும் கொழுந்தின் நிறம் மாறும், புதிய மாதிரி பிரிக்கவேண்டும், பாட்டியை அனுப்ப முடியுமா, வண்டி அனுப்புகிறோம் என்று பெரியவர் கேட்கச் சொன்னாராம். சின்னம்மாவிடம் சொன்னேன். சுளகில் உழுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "பேர் போடுவாங்களா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் பேர் போடுவதென்றால் அன்றைய வேலையைச் செக்ரோலில் பதிந்து, நாட்கூலிக்குக் கணக்கு வைப்பது. பையனிடம் திரும்பக் கேட்டேன். பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.